தண்ணீருக்கடியில் என்ன விளையாடலாம்? ஸ்கூபா டைவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஸ்கூபாவின் முதல் படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கிய நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ டைவ் போனால், முதல் இரண்டு முறை யாருக்கும் விளையாட்டு ஞாபகமே வராது. கீழே இருப்பதைப் பார்த்து முடிப்பதற்கே நேரம் போதாது. அதற்கடுத்த டைவ்களில் கை கால் பரபரப்பு அடங்கி, மூச்சும் ஒரு சீருக்கு வந்த பிறகு, படகில் யாராவது ஒருவர் கேட்பார்: கீழே ஏதாவது விளையாடலாமா?

தாராளமாக விளையாடலாம். ஆனால் முட்டை உடைப்பது, வளையம் விடுவது, டார்பிடோ எறிவது, சீட்டு ஆடுவது என்று கேள்விப்பட்டதையெல்லாம் ஒரே பையில் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. சில விளையாட்டுகள் நீச்சல் குளத்துக்கு ஆனவை. சில மணல் தரைக்கு. சில, மேலே வரும் வழியில் காத்திருக்கும் அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும். சிலவற்றை எங்குமே விளையாட வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன்: இதில் ஜெயிப்பவர் யார்? வேகமாகப் போகிறவரும் பலசாலியும் ஜெயிப்பார்கள் என்றால் அது ஸ்கூபாவுக்கு ஆகாது. நிதானமாக மூச்சு விடுபவரும், குறைவாக அசைபவரும், கூர்ந்து பார்ப்பவரும் ஜெயிப்பார்கள் என்றால் அது நல்ல விளையாட்டு. அப்படிப்பட்ட விளையாட்டை ஆட ஆட, டைவும் மேம்படும்.

காற்றுக் கணக்கைப் பார்த்தாலே காரணம் விளங்கும். நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் (அழுத்தத்தின் அளவு) வரை நிரப்பி, 50 பார் மிச்சம் வைத்து மேலே வரவேண்டும் என்றால், செலவழிக்கக் கிடைப்பது 150 பார், அதாவது ஏறக்குறைய 1,650 லிட்டர் காற்று. அமைதியாக மிதக்கும் ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் 40 லிட்டர் செலவாகும். ஆக, 40 நிமிடம் ஓடும். அதே ஆள் துரத்திப் பிடிக்கிற விளையாட்டில் இறங்கி மூச்சு இரட்டிப்பானால் 20 நிமிடத்தில் டைவ் முடிந்துவிடும். அவரோடு சேர்ந்து, துணைக்கு இறங்கிய அவருடைய ஜோடியும் மேலே வந்தாக வேண்டும்.

காற்று மட்டும் போனால் பரவாயில்லை. வேகமாக உழைக்கும்போது உடலில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்கிறது. வாயில் கடித்திருக்கும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் போதுமான காற்றைத் தரவில்லை என்பது போன்ற உணர்வு வருகிறது. அங்கிருந்து பதற்றம் ஒரு எட்டுதான். கரையில் மூச்சு வாங்கினால் உட்கார்ந்து இளைப்பாறலாம். 12 மீட்டருக்குக் கீழே அந்த வசதி கிடையாது.

முதலில் தள்ளிவைக்க வேண்டியவை

ஓடிப்பிடித்து, கண்ணாமூச்சி, கயிறு இழுத்தல், நீச்சல் பந்தயம், மூச்சடக்கும் போட்டி. இந்த ஐந்தையும் விவாதமே இல்லாமல் தள்ளிவிடலாம்.

கண்ணாமூச்சி பார்ப்பதற்குச் சாதுவான விளையாட்டாகத் தெரியும். ஆனால் ஜோடியின் கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் விதியே. ஜோடியைக் கண் பார்வையில் வைத்திருப்பதுதான் டைவின் முதல் விதி. இரண்டும் சேராது. ஓடிப்பிடித்து ஆடும்போது மேலே கீழே ஏறி இறங்குவதைத் தவிர்க்க முடியாது. காதும் நுரையீரலும் அதற்கான விலையைக் கொடுக்கும்.

மூச்சடக்கும் போட்டிதான் எல்லாவற்றிலும் மோசம். சிலிண்டர் காற்றை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் மேலே எழும்பினால்கூட விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடக் கூடும். குளத்தின் ஆழம் குறைவுதானே என்ற சமாதானமும் இங்கே செல்லாது. அழுத்த மாற்றம் மிக வேகமாக நடப்பது மேல்மட்டத்தில்தான்.

வேகமும் மோதலும் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்சீ ஊரில் 1954-ல் டைவிங் கிளப்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ள உருவாக்கியதுதான் நீரடி ஹாக்கி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள வில்லையைக் குளத்தின் தரையில் சின்ன மட்டையால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஜெர்மனியில் பிறந்த நீரடி ரக்பியில் உப்புநீர் நிரப்பிய பந்து; அதனால்தான் அது மிதக்காமல் கீழே இறங்கும். 2013-ல் லண்டனில் தொடங்கிய டைவிங் சதுரங்கத்தில் கடிகாரமே கிடையாது. மூழ்கிக் கீழே போய், காய் நகர்த்திய பிறகுதான் மூச்சுக்கு மேலே வரலாம். மூன்றுமே அருமையான விளையாட்டுகள். ஆனால் மூன்றிலும் முதுகில் சிலிண்டர் இல்லை என்பதைக் கவனியுங்கள். டைவிங்கையே உயிராக நினைத்தவர்கள் வேகமான ஆட்டம் என்று வரும்போது சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

குளத்தில் ஆட வேண்டியவை

கடலுக்குப் போகும் முன் குளத்தில் பழகும் வாய்ப்பு இருந்தால், நான் முதலில் சொல்வது எடை கைமாற்றும் ஆட்டம். தேவையானது ஒரு கிலோ ஈயக்கட்டி ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டு பேர் எதிரெதிராக, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் படுத்த நிலையில் மிதக்க வேண்டும். ஒருவர் கையில் ஈயக்கட்டி. அதை மற்றவரிடம் கொடுத்த நொடியில் கொடுத்தவர் ஒரு கிலோ இலேசாகிறார், வாங்கியவர் ஒரு கிலோ கனக்கிறார். காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் சட்டைதான் பிசிடி; இருவரும் அதன் பொத்தானைத் தொடக் கூடாது. மூச்சாலேயே சரிசெய்ய வேண்டும். ஒரு லிட்டர் காற்றை நுரையீரலில் கூடுதலாக வைத்திருந்தால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் மிதப்பு கிடைக்கும். அதனால் வாங்குபவர் நுரையீரலை நிறைத்த நிலையில் வைத்துக்கொண்டு மேல் மூச்சாக விடவேண்டும். கொடுத்தவர் அடிவரை வெளியே விட்டு, குறைவாக இழுக்க வேண்டும். தரையைத் தொட்டவரும் மேலே எழும்பியவரும் தோற்றவர்கள்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் இதன் நுணுக்கம் புரியும். மூச்சை இழுத்தவுடனே உடம்பு எழும்பாது. ஓரிரு நொடி ஒன்றுமே நடக்காது. பிறகுதான் நெஞ்சுப் பக்கம் மெல்ல உயரும். புதியவர் அந்த ஓரிரு நொடி பொறுக்காமல் இன்னும் இழுப்பார், கூடவே காலையும் உதைப்பார். எல்லாம் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பழகியவர் பொருள் கைக்கு வருவதற்குச் சற்று முன்பே இழுக்கத் தொடங்கியிருப்பார். அந்த முன்கூட்டிய மூச்சைக் கற்றுக்கொண்டவர் பவளத்திட்டின் மேல் போகும்போது காலில் மாட்டிய துடுப்பால் ஒரு கிளையையும் ஒடிக்க மாட்டார். மணிக்கணக்காக விளக்கிச் சொல்லியும் வராதது இந்த ஆட்டத்தில் தானாகவே வந்துவிடுகிறது. மூச்சை அடக்கக் கூடாது என்ற விதி மட்டும் இதிலும் மாறாது. காற்று உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு அடுத்தபடியாக வளையத்துக்குள் புகுந்து வரும் ஆட்டம். பெரிய பிளாஸ்டிக் வளையத்தின் ஒரு பக்கம் ஈயமும் மறுபக்கம் சின்ன மிதவையும் கட்டினால் நீருக்குள் செங்குத்தாக நிற்கும். சிலிண்டர் தட்டாமல் போய்வர வேண்டும். ஆட்கள் தேர்ந்துவிட்டால், வளையத்தின் நடுவில் நின்று பத்து மூச்சு அசையாமல் இருக்கச் சொல்லலாம். கடினம் கூட்டுவதற்கு எல்லையே இல்லை. நேராக நிற்கவைத்த ஈயக்கட்டிகளை ரெகுலேட்டர் நுனியால் சாய்த்துக்கொண்டே போவதும் இதே வகைதான்.

காற்று வளையம் விடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லோருக்கும் அதன் மேல் ஆசை. குளத்தின் தரையில் மல்லாந்து படுத்து, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, உதட்டைக் குவித்து ஒரே வெடிப்பாகக் கொஞ்சம் காற்றை விட்டால், அது சுழலும் வளையமாக மேலே போகும். போகப் போக விட்டமும் பெருகும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் இது குளத்துக்கு மட்டும்தான் என்பது என் கருத்து. கடலில் மிதந்துகொண்டே மல்லாந்து ரெகுலேட்டரை எடுப்பது என்றால் ஒரே நேரத்தில் மிதப்பு, மாஸ்க், மூச்சு மூன்றையும் கவனிக்க வேண்டும். புதியவர்களுக்கு அது அதிகம். மல்லாந்து படுக்க இடம் தேடி மணல் என்று நினைத்துத் திருக்கையின் மேல் முதுகை வைத்துவிடும் அபாயமும் உண்டு.

எறிந்தால் அம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் டார்பிடோ பொம்மைகள், நீரடி ஃபிரிஸ்பீ எல்லாம் குளத்தில் குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. கடலுக்குக் கொண்டுபோனால் ஒரு டைவிலேயே தொலையும். தொலைந்தால் அது கடலில் சேர்ந்த பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சீட்டுக்கட்டுக்கும் இதே பிரச்சினைதான்; லேசான அலையாட்டம் போதும், ஆளுக்கொரு திசையில் சீட்டைத் துரத்திக்கொண்டு போவார்கள்.

முட்டையும் பாட்டிலும்

இவை போட்டி இல்லை, வேடிக்கை. ஆனாலும் எல்லாப் பட்டியலிலும் இருப்பவை என்பதால் ஒப்பிட்டாக வேண்டும்.

பச்சை முட்டையை நீருக்கடியில் மெதுவாக உடைத்தால் கரு சிதறாது. வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து ஒரு பந்தாக உள்ளங்கைக்கு மேலே மிதந்து நிற்கும். விரலால் தள்ளலாம், ஒருவருக்கொருவர் அனுப்பலாம். ஆழத்தின் அழுத்தம்தான் முட்டையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அதற்கு உருவத்தை மாற்றும் வேலை கிடையாது. முட்டையின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருப்பதால் தண்ணீர் அதைத் தாங்குகிறது. தட்டில் ஊற்றினால் தன் கனத்தாலேயே பரவிவிடும் முட்டை, இங்கே பரவுவதில்லை. ஆகவே இதற்கு 18 மீட்டர் போக வேண்டியதே இல்லை, ஒரு பெரிய வாளியிலும் செய்து பார்க்கலாம். கடலில் உடைத்தால் மீன்கள் மொய்க்கும். மீனுக்குத் தீனி போடுவது அவற்றின் பழக்கத்தைக் கெடுக்கும் என்பதால் நல்ல டைவ் மையங்கள் அதை அனுமதிப்பதில்லை. இந்த ஆட்டத்தை நான் கடலுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதைவிடப் பாட்டில் ஆயிரம் மடங்கு மேல். காலியான தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கி, பிசிடியில் கட்டிக் கீழே கொண்டுபோங்கள். 10 மீட்டரில் உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கி, பாட்டில் நசுங்கிப்போகும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. போகும் வழியில் எந்த ஆழத்தில் எவ்வளவு நசுங்கும் என்று பந்தயம் வைக்கலாம். இதன் மறுபாதிதான் முக்கியம்: கீழே பாட்டிலைத் திறந்து தலைகீழாகப் பிடித்து, ரெகுலேட்டர் காற்றால் நிரப்பி, திறந்தபடியே மேலே கொண்டுவாருங்கள். வரும் வழியெல்லாம் வாயிலிருந்து காற்று குமிழி குமிழியாக வழிந்துகொண்டே இருக்கும். மூச்சை அடக்காதே என்று வகுப்பில் ஏன் அத்தனை முறை சொன்னார்கள் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். அந்தப் பாட்டிலை நிரப்பி மூடியை மட்டும் போட்டுவிடாதீர்கள். மேலே வர வர வெளியழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று பாட்டிலை வெளிப்பக்கம் தள்ளும் விசை ஏறிக்கொண்டே போகும்.

நிறம் கண்டுபிடிக்கும் ஆட்டமும் இந்த வகையில் சேரும். நாலைந்து வண்ண அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்னால் நிறத்தின் பெயரை எழுதிக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 15 மீட்டரில் குங்குமச் சிவப்பு அட்டை அழுக்குப் பழுப்பாகத் தெரியும். டார்ச் அடித்தால் அதே இடத்தில் பளிச்சென்று சிவப்பு திரும்பி வரும். இரண்டு நிமிட விளையாட்டு, ஒரு பைசா செலவில்லை.

மூன்று நிமிட ஆட்டங்கள்

மேலே வருவதற்கு முன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிறோமே, அந்த சேஃப்டி ஸ்டாப்தான் விளையாட்டுக்கு மிகச் சரியான நேரம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. எல்லோரும் நெருக்கமாக ஒரே இடத்தில் நிற்பார்கள். யாரும் எங்கும் போகப் போவதில்லை.

ஸ்லேட்டில் எக்ஸ்-ஓ ஆடலாம் என்பது எல்லோரும் சொல்வது. ஆடலாம். வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்லேட்டில் சாதாரணப் பென்சில் நன்றாக எழுதும், ரப்பரால் அழியும், வீட்டுக்கு வந்து பற்பசை போட்டுத் தேய்த்தால் புத்தம் புதிதாகிவிடும். ஆனால் எக்ஸ்-ஓ இருவருக்கும் தெரிந்த ஆட்டம் என்றால் எப்போதும் டிராதான். புள்ளி வைத்துக் கட்டம் கட்டும் ஆட்டம் அதைவிடச் சுவை. ஆடுபுலி ஆட்டத்துக்கும் ஸ்லேட்டில் கோடு போட்டுப் பார்க்கத் தோன்றும். மூன்று புலியையும் பதினைந்து ஆட்டையும் அழித்து அழித்து எழுதுவதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். அதை இரண்டு டைவுக்கு நடுவே படகில் வைத்துக்கொள்ளலாம்.

சேஃப்டி ஸ்டாப்பில் என் தேர்வு ஹேண்ட் கிரிக்கெட். பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் ஆடியதேதான்: இருவரும் ஒரே சமயத்தில் விரலை நீட்ட வேண்டும், எண் வேறானால் பேட்டிங் ஆளுக்கு ரன், ஒன்றானால் அவுட். சாமான் எதுவும் வேண்டாம். பேச்சு வேண்டாம். ஒரு கை படகிலிருந்து இறங்கும் கயிற்றில் இருந்தால் மறு கை போதும். ஜோடியின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருப்போம், அதுவே பாதுகாப்பும்கூட.

ஆனால் விதியை மாற்றித்தான் ஆக வேண்டும். ஹேண்ட் கிரிக்கெட்டில் கட்டை விரலை மட்டும் உயர்த்தினால் சிக்ஸர். டைவிங்கில் அதே சைகைக்குப் பொருள் 'மேலே போகலாம்'. ஒருவர் சிக்ஸர் அடிக்க, பக்கத்தில் நிற்பவர் டைவ் முடிந்தது என்று கிளம்பிவிடுவார். அதனால் ஆறு கிடையாது. முஷ்டியை மடக்கி நெஞ்சருகே வைத்தால் காற்று குறைந்துவிட்டது என்று பொருள். ஆகவே பூஜ்யமும் கிடையாது. ஐந்து காட்டும்போது உள்ளங்கை எதிராளியைப் பார்த்தால் 'நில்' என்பது போலிருக்கும். உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை என்று படகிலேயே பேசி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. சா பூ த்ரி, ஸ்டோன் பேப்பர் சிசர் ஆடுகிறவர்களும் இதே கவனத்தோடு ஆடவேண்டும்.

பேசாமல் நடித்துக் காட்டிக் கண்டுபிடிக்க வைக்கும் டம் ஷராட்ஸ் பற்றிக் கேட்பார்கள். வாய் பேச முடியாத இடம் என்பதால் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் நடிக்கும் வேகத்தில் கழுத்தை வெட்டுவது போல் கையை வீசுவார்கள், நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். முதலாவதற்கு 'காற்று தீர்ந்துவிட்டது' என்று பொருள். விளையாட்டாகக் காட்டிய அபாய சைகையை நம்பி ஒருவர் ஓடி வருவதும், அப்புறம் ஒருநாள் உண்மையாகக் காட்டும்போது விளையாட்டு என்று யாரும் கண்டுகொள்ளாமல் விடுவதும் இரண்டுமே ஆபத்து. வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது, அதிகம் பேர் ஆடுவதில்லை. ஒருவர் ஆழத்தைக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் 5 மீட்டரிலேயே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஜோடி தன் கம்ப்யூட்டரில் ஆழத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பார். அரை மீட்டருக்கு மேல் நழுவினால் அவுட். கயிற்றின் மேல் ஒட்டியிருக்கும் பாசி, நீரில் மிதக்கும் துகள்கள் இவற்றை வைத்து நாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று கண் தானாகக் கணிக்கத் தொடங்கும். ஹேண்ட் கிரிக்கெட் போல் சிரிப்பு வராது, ஆனால் பழகிய டைவர்களுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

டைவ் முழுவதும் ஆடக்கூடிய ஒன்று

மேலே சொன்ன எல்லாம் சில நிமிட ஆட்டங்கள். முழு டைவுக்கும் ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் சொல்வது மீன் புள்ளி ஆட்டம்.

முந்தைய நாள் மாலையே இது தொடங்கிவிடும். அந்தக் கடல் பகுதியில் என்னென்ன இருக்கும் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு ஸ்லேட்டில் பட்டியல் போட வேண்டும். எளிதில் தெரியும் கிளிமீன், பாரைக் கூட்டம், சீலா போன்றவற்றுக்கு ஒரு புள்ளி. பாறை இடுக்கில் பதுங்கும் களவா, விலாங்கு, மணலோடு மணலாகக் கிடக்கும் தும்பிலி, திருக்கை, நிறம் மாற்றி நிற்கும் கணவாய் ஆகியவற்றுக்கு மூன்று புள்ளி. ஒரு நடத்தையைக் கண்டுபிடித்துக் காட்டினால் ஐந்து. உதாரணமாக, பெரிய மீன்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் காத்திருக்க, நீலக்கோடு போட்ட சின்னத் துப்புரவு மீன் உள்ளே புகுந்து சுத்தம் செய்வது. அல்லது கடல் சாமந்திக்குள் இருக்கும் கோமாளி மீன் குடும்பத்தில் பெண் எது என்று சரியாகக் காட்டுவது. அதற்கு விடை எளிது: இருப்பதிலேயே பெரியதுதான் பெண். அது இறந்துவிட்டால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும்.

ஜோடியும் பார்த்தால்தான் புள்ளி செல்லும். ஆகவே நீங்கள் பார்த்ததைக் கையால் சொல்லத் தெரிய வேண்டும். உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டை விரல்களை ஆட்டினால் ஆமை. நெற்றியில் கையைச் செங்குத்தாக வைத்தால் சுறா. விரல்களைக் கோத்து விரித்தால் சிங்கமீன். கையை வாய் போலத் திறந்து மூடினால் விலாங்கு.

தண்டனை விதிதான் இந்த ஆட்டத்தின் உயிர். துடுப்போ கையோ பவளத்தில் பட்டால் ஐந்து புள்ளி போச்சு. மணலைக் கிளப்பினால் இரண்டு. பேத்தை மீனை உப்ப வைப்பதற்காகத் தொட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே. உப்புவது அதற்கு விளையாட்டு இல்லை, உயிருக்குப் பயந்து கடைசியாகச் செய்வது. சிங்கமீனையும் கல்மீனையும் தொடக் கூடாது என்பதற்குத் தனியாக விதி தேவையில்லை. முள்ளின் விஷமே பார்த்துக்கொள்ளும்.

இந்த விதிகளோடு ஆடும்போது என்ன நடக்கிறது என்றால், வேகமாகப் போகிறவருக்குப் புள்ளியே விழாது. ஒரு திட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நிதானமாக மிதந்தவர் பட்டியலில் பாதியை அடித்துவிடுவார். மூச்சு குறைவாக விடுகிறவருக்குக் குமிழிச் சத்தமும் குறைவு, மீன் நெருங்கி வரும். காற்றும் மிச்சமாகி, இன்னும் பத்து நிமிடம் கீழே இருப்பார், புள்ளியும் ஏறும். முதலில் கேட்ட கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லும் விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மேலே வந்த பிறகும் ஆட்டம் முடியாது. பார்த்தது களவாவா வேறா என்று படம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே சாப்பாட்டு நேரம் போகும். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் டைவ் படகில் வேலை செய்தால், அவனைத்தான் நடுவராக வைக்க வேண்டும்; மீனின் பெயரும் பழக்கமும் நம்மைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். தண்ணீர் கலங்கிய நாளில் இது எடுபடாது. நமக்கும் ஜோடிக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் தெரிகிறது என்றால் மீன் தேடுவதை விட்டுவிட்டுத் திசைகாட்டி ஆட்டத்துக்கு மாறலாம். மணல் தரையில் ஓர் ஈயக்கட்டியை வைத்துவிட்டு, துடுப்பு உதையை எண்ணிக்கொண்டே சதுரமாகப் போய், ஒவ்வொரு மூலையிலும் 90 பாகை திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு எவ்வளவு அருகில் வந்து சேர்கிறார்கள் என்பது போட்டி. முக்கோணம் என்றால் 120 பாகை. ஜோடியாகத்தான் போக வேண்டும்: ஒருவர் திசைகாட்டி பார்க்க, மற்றவர் ஆழத்தையும் காற்றையும் பார்ப்பார். கலங்கல் நீரில் இது பயனுள்ள பழக்கமும்கூட.

பணம் கொடுத்து ஆடும் இடங்கள்

துபாயின் நாத் அல் ஷிபா பகுதியில் 2021-ல் திறந்த 60 மீட்டர் ஆழக் குளத்தில் மூழ்கிய நகரம் ஒன்றையே கட்டி, ஃபூஸ்பால் என்ற மேசைக் கால்பந்து, பில்லியர்ட்ஸ் மேசை, சதுரங்கம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 30 டிகிரி சூட்டில் கண்ணாடி மாதிரி இருக்கும். துபாயில் வேலை செய்கிற நம் ஆட்களுக்கு வார இறுதியில் போய்வர ஏற்ற இடம். தொடவோ உடைக்கவோ பவளம் இல்லாததால் மனம்விட்டு ஆடலாம். அமெரிக்காவில் புளோரிடாவின் கீ லார்கோவில் அக்டோபரில் நீருக்கடியில் பூசணி செதுக்கும் போட்டி நடத்துகிறார்கள். பூசணியின் உள்ளே காற்று இருப்பதால் மேலே மேலே இழுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கத்தியால் முகம் செதுக்க வேண்டும். கண்காணிப்போடு நடக்கும் விழாவில் அது சரி. நாமாகக் கத்தியும் பூசணியும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டாம்.

உங்கள் கூட்டத்துக்கு எது?

எல்லோரும் புதியவர்கள் என்றால் முதல் நாள் குளத்தில் எடை கைமாற்றும் ஆட்டம், கடலில் ஹேண்ட் கிரிக்கெட். மீன் புள்ளியை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் ஜூனியர் சான்றிதழோடு வருகிறார்கள் என்றால் அவர்களுக்கான ஆழ வரம்பு 12 மீட்டர். பாட்டிலும் மீன் பட்டியலும் அவர்களுக்கு அருமையாகப் பொருந்தும், போட்டியின் சூடு மட்டும் ஏறாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒருவர் நன்றாகப் பழகியவர், மற்றவர்கள் புதியவர்கள் என்றால் அவரைப் போட்டியில் சேர்க்காமல் நடுவராக்கிவிடுங்கள். விளையாட்டில் மூழ்காத ஒரு ஜோடிக் கண் எப்போதும் வேண்டும். நீங்கள் இருவர் மட்டும் என்றால் யார் கண் காவலுக்கு என்பதைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை ஆடினாலும் படகிலேயே இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்த ஆழத்தில் ஆடுவோம், 100 பார் வந்ததும் யார் அறிவிப்பார், எந்தச் சைகை வந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும் என்பது மூன்றும் முடிவாகியிருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்; அன்றைய நீரோட்டத்தை நம்மைவிட அவர் நன்றாக அறிவார். ஸ்லேட்டைச் சுருள் கம்பியால் பிசிடியில் மாட்டிக்கொள்ளுங்கள், பென்சிலையும் ஒரு நூலால் ஸ்லேட்டோடு கட்டிவிடுங்கள்.